பேப்பர் ரோஸ்ட் கணக்கில் பெரிய டைல்ஸ்

ஓட்டலில் பேப்பர் ரோஸ்ட் போடுகிற மாஸ்டர் மாவைத் தொடுவதற்கு முன்னால் கல்லைத்தான் பார்ப்பார். தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்து, சூடு ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கரண்டி அசையும். வீட்டுக் கல் நடுவில் கொஞ்சம் குழிந்திருந்தாலும் கையகலத் தோசை தப்பித்துவிடும். அதே கல்லில் விளிம்பு வரை ரோஸ்ட் இழுத்துப் பாருங்கள், குழியில் மாவு தேங்கி வேகாது, ஓரம் கருகிப்போகும். குளியலறைச் சுவரில் நாலுக்கு இரண்டடி டைல்ஸ் ஒட்டுவதும் இதே கணக்குதான். சுவர்தான் கல், பசைதான் மாவு.

ஒரு காலத்தில் பாத்ரூம் என்றால் எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல டைல்ஸ். இன்று குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வந்திறங்குவது 600க்கு 1200 மில்லிமீட்டர், அதாவது நாம் சொல்லும் நாலுக்கு ரெண்டு. ஒன்பது மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு டைல் ஏறக்குறைய 15 கிலோ. அமெரிக்கத் தர விதிகளில் ஒரு பக்கம் 15 அங்குலத்தைத் தொட்டாலே அது பெரிய டைல்ஸ் கணக்கில் சேர்ந்துவிடும். சுவர், தரைக்கான கட்டுப்பாடும் அங்கேயே இறுகிவிடும். பத்தடி நீளத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் மேடு பள்ளம் கூடாது. சின்ன டைல்ஸுக்கு 6 மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொள்வார்கள். சின்ன டைல்ஸ் இணைப்புக்கு இணைப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, சுவரின் கோணலோடு அனுசரித்துப் போய்விடும். பெரிய டைல் நாலடி நீளத்துக்கு விறைத்து நிற்பதால் அதற்கு அது முடியாது. ஒரு முனை சுவரில் உட்கார்ந்தால் மறுமுனை தூக்கிக்கொள்ளும்.

ஆகவே முதல் வேலை டைல்ஸ் இறக்குவதல்ல. நீளமான அலுமினிய மட்டப்பலகையைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, பின்னால் டார்ச் அடித்தால் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம். அதைப் பூச்சிலேயே சரி செய்ய வேண்டும். “விடுங்க சார், பசையைக் கொஞ்சம் கூட வச்சு மட்டம் எடுத்துக்கலாம்” என்று மேஸ்திரி சொன்னால் சம்மதிக்காதீர்கள். தடியாக வைத்த பசை காயும்போது சுருங்கி டைலை இழுக்கும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும், தரையில் தண்ணீர் கட்டி ஒருநாள் முழுக்க வைத்துப் பார்ப்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிந்திருக்க வேண்டும்.

தோசைக்கும் டைல்ஸுக்கும் ஒரு விஷயத்தில் நேர் எதிர். தோசை கல்லைவிட்டுக் கிளம்ப வேண்டும், அதற்காகத்தான் எண்ணெய் தடவுகிறோம். டைல் கிளம்பவே கூடாது. எனவே கல்லைப் பழக்கப்படுத்த என்னவெல்லாம் செய்வோமோ அவையெல்லாம் சுவரில் இருக்கக் கூடாது. பழைய பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கு, தூசி எதுவானாலும் சுரண்டி எடுத்தாக வேண்டும்.

இனி மாவு. பழைய பீங்கான் சுவர் டைல்ஸின் முதுகு தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அதனால்தான் வாளியில் ஊறப்போட்டு, சிமென்ட் பால் தடவி ஒட்டினால் பிடித்துக்கொண்டது. இப்போதைய விட்ரிஃபைடு டைல் குடிப்பது அரை சதவீதம்கூட இல்லை. கண்ணாடி மாதிரி இறுகிய அந்த முதுகில் வெறும் சிமென்டுக்கு நுழைய இடமே கிடையாது. இதை ஊறப்போடுவதும் வீண். ஈரப்படலம் பசையைப் பிரித்துவிடும். இதற்குத்தான் பாலிமர் கலந்த பசை. மூட்டையில் ‘சி2டிஇ’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சி2 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் இழுவையைத் தாங்கும் பிடிப்பு, சி1 வகைக்கு அதில் பாதிதான். ‘டி’ என்பது சுவரில் வைத்த டைல் கீழே வழுக்காது என்பதற்கு. ‘இ’ என்பது தடவிய பிறகு ஒட்டுவதற்குக் கிடைக்கும் கூடுதல் அவகாசம்.

தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றாமல் மூட்டையில் சொன்ன அளவில் விட்டு, பொடியைச் சேர்த்து, டிரில் மிஷினை மெதுவாக ஓட்டிக் கலக்க வேண்டும். பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் சும்மா விட வேண்டும். மாவு செட் ஆகக் காத்திருப்பது போலத்தான் இதுவும். அந்த நேரத்தில்தான் உள்ளே இருக்கும் பாலிமர் தண்ணீரில் கரைந்து வேலைக்கு வரும். மறுபடி ஒருமுறை கலக்கினால் பசை தயார். அரை மணி கழித்து இறுகுகிறதே என்று மேலும் தண்ணீர் விட்டால், பிடிக்கத் தொடங்கிய சிமென்டை நாமே உடைத்துக் கெடுப்பதாகிவிடும். அந்தப் பசையைத் தயங்காமல் கொட்டிவிடலாம்.

தடவுவதில்தான் நம்மூரில் பெரிய பாவம் நடக்கிறது. நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாகக் கலவையை வைத்து, டைலை அழுத்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி மட்டம் எடுப்பார்கள். வேலை சீக்கிரம் முடியும், பார்வைக்கும் நன்றாக இருக்கும். ஆனால் உருண்டைகளுக்கு நடுவே முழுக்கக் காற்று. இணைப்பு வழியாக இறங்கும் குளியல் தண்ணீர் அங்கே போய்த் தங்கும். பிறகு டவல் கம்பி மாட்ட டிரில் வைத்தால் வெற்றிடத்தின் மேல் டைல் விரிசல் விடும். தரையில் என்றால் வாளி விழுந்தாலே போதும்.

சரியான முறை பல் கரண்டிதான். 10 அல்லது 12 மில்லிமீட்டர் பல்லுள்ள கரண்டியால் சுவரில் பசையை ஒரே திசையில் நேர்கோடுகளாக இழுக்க வேண்டும், தோசை போல வட்டமாக அல்ல. வட்டம் போட்டால் காற்று நடுவில் மாட்டிக்கொள்ளும். கோடுகள் டைலின் குட்டைப் பக்கத்துக்கு இணையாக ஓடினால் காற்று சீக்கிரம் வெளியேறும். டைலின் முதுகிலும் கரண்டியின் தட்டைப் பக்கத்தால் ஒரு மெல்லிய பூச்சு. பிறகு இரண்டு பேர் உறிஞ்சு பிடியால் தூக்கி வைத்து, கோடுகளுக்குக் குறுக்கே முன்னும் பின்னும் அசைத்து அழுத்தினால் மேடுகள் சாய்ந்து பள்ளங்களை நிரப்பிவிடும்.

கல்லில் பட்ட மாவு வெந்துவிட்டால் திரும்ப இழுக்க முடியாது, கிழியும். பசைக்கும் அந்த அவசரம் உண்டு. சாதாரண வகைக்கு இருபது நிமிடம், ‘இ’ வகைக்கு முப்பது. அதுவும் பரிசோதனைக்கூடத்துக் கணக்கு. சித்திரை வெயிலில் காய்ந்த பூச்சின் மீது இன்னும் சீக்கிரம் ஆடை கட்டிவிடும். விரலால் தொட்டால் பசை ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். ஒரு டைலுக்கு ஆகிற இடத்துக்கு மட்டும் தடவுவதே உத்தமம்.

சூளையில் வெந்த நீள டைல் எதுவுமே முழு மட்டமாக இருக்காது, நடுவில் துளி வளைந்திருக்கும். செங்கல் கட்டு மாதிரி பாதிக்குப் பாதி மாற்றி வைத்தால் ஒன்றின் மேடு இன்னொன்றின் தாழ்வோடு சேர்ந்து பல் தெரியும். அந்த டிசைன் வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாதீர்கள். பக்கத்துப் பக்கத்து டைல்களை ஒரே மட்டத்தில் இறுக்கும் லெவலிங் கிளிப் கடைசித் துளி வித்தியாசத்தைப் பிடிக்கும். கோணல் சுவரைத் திருத்தாது. “இடைவெளியே தெரியக் கூடாது” என்று கேட்பதும் தப்பு, இரண்டு மில்லிமீட்டராவது விட வேண்டும். இரண்டு சுவர் சேரும் மூலையில் மட்டும் இடைவெளியை நிரப்பும் கிரவுட் கூடாது, சிலிகான்தான். சுவர்கள் தனித்தனியாக அசைபவை.

தரைக்கு என் அபிப்பிராயம் வேறு. தண்ணீர் ஓட அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். தண்ணீர் இறங்கும் டிராப்பை நோக்கி நாலு பக்கமிருந்தும் சரிய, பெரிய டைலை மூலைவாட்டில் வெட்டியே ஆக வேண்டும். சுவரோரமாக நீள வடிகால் வைத்து ஒரே பக்கமாகச் சரிவு கொடுத்தால் பெரிய டைல் சரி. இல்லையேல் சுவருக்குப் பெரியது, தரைக்குச் சொரசொரப்பான சின்னது என்று போய்விடுங்கள். இணைப்புகள் கூடும்போது காலும் வழுக்காது.

கடைசியாக ஒன்று. முதல் டைலை ஒட்டி அழுத்தியதும் அதை அங்கேயே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஈரமான அறையில் முதுகில் 95 சதவீதமாவது பசை படிந்திருக்க வேண்டும். கோடு கோடாகவே நின்றால் பெரிய பல் கரண்டி தேவை என்று பொருள். மேஸ்திரி முகம் சுளித்தாலும் கேளுங்கள். அடுத்த டைல் ஏறிய பிறகு அந்த முதுகை யாரும் பார்க்க முடியாது.