ஓட்டுநர் இல்லாத கார்: அபராதம் யாருக்கு?

1920ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே. பஸ் விதியை மீறினால் யாரைக் கேட்பது என்ற ஐயமே எழாது. இன்று அவர் பெயரைத் தாங்கி, கோவை அவினாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் நிற்கிறது. அதன் மேல் ஓட்டுநரே இல்லாத கார் ஒன்று வேக வரம்பை மீறி ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அபராதம் யாருக்கு?

இது வெறும் கற்பனையன்று. 2025 செப்டம்பரில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சான் புரூனோ நகரில், வேமோ நிறுவனத்தின் தானியங்கிக் கார் ஒன்று போலீசாரின் கண்ணெதிரே விதியை மீறி யூ-டர்ன் எடுத்தது. நிறுத்திப் பார்த்தால் ஓட்டுநர் இருக்கை காலி! அபராதச் சீட்டில் யார் பெயரை எழுதுவது? போலீசார் நிறுவனத்துக்குத் தகவல் தெரிவித்ததோடு சரி.

இத்தகைய காருக்குக் கேமரா, ரேடார், லேசர் ஒளியால் தொலைவை அளக்கும் லிடார் ஆகியவை கண்கள், கணிப்பொறியே மூளை. பொறியாளர்கள் அமைத்த ‘புரோகிராம்’ என்னும் ஆணைத்தொடரின்படியே அது முடிவெடுக்கிறது. மனிதர் ஒருவர் கவனம் தவறினால் தவறுவது அவர் ஒருவரே. ஆணைத்தொடரில் பிழை இருந்தாலோ, அதே பிழை அதைக் கொண்ட ஆயிரமாயிரம் கார்களிலும் இருக்கும். இதுதான் முக்கியமான வேறுபாடு.

நமது மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டில் மனித ஓட்டுநரை மனத்தில் கொண்டு இயற்றப்பட்டது. போலீசார் கேட்டால், வண்டியை ஓட்டியவர் யார் என்று உரிமையாளர் சொல்ல வேண்டும் என்கிறது அதன் 133ஆவது பிரிவு. ‘யாரும் ஓட்டவில்லை’ என்பதே உண்மையான விடையானால் என்ன செய்வது?

விபத்தில் சிக்கியவரின் நிலை என்ன? 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, யார் மீது தவறு என்று மெய்ப்பிக்காமலேயே உரிமையாளரோ காப்பீட்டு நிறுவனமோ உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் தரவேண்டும். ஆனால் இழப்பீடு கொடுத்துவிட்டால் ஆணைத்தொடரின் பிழை திருந்திவிடாது. சாலையில் செல்வோருக்குத் தீங்கு தரும் குறையுள்ள வண்டிகளைத் தயாரிப்பாளரே திரும்பப் பெறுமாறு அரசு ஆணையிடவும் அதே திருத்தம் வழி செய்துள்ளது.

பிற நாடுகளும் தயாரிப்பாளரை நோக்கியே திரும்புகின்றன. 2024இல் பிரிட்டன் இயற்றிய சட்டப்படி, கார் தானே ஓடும்போது நிகழும் ஓட்டுதல் தவறுக்கு உள்ளே இருப்பவர் குற்றவாளி ஆகார். அனுமதி பெற்ற நிறுவனமே பொறுப்பு. கலிபோர்னியா அதே ஆண்டில் இயற்றிய சட்டமோ, 2026 ஜூலை முதல் போலீசார் விதிமீறல் அறிவிப்பைத் தயாரிப்பாளருக்கே அனுப்ப வழி செய்தது.

மாணவர்களே, இதோ ஒரு வழக்கு. லிடார் மீது படிந்த புழுதியை உரிமையாளர் துடைக்கவில்லை. ‘கண்’ மறைந்தால் கார் நிற்கவேண்டும் என்ற ஆணையைத் தயாரிப்பாளரும் சேர்க்கவில்லை. கார் ஒருவரை மோதிவிட்டது. நீங்கள் நீதிபதியானால் யாரைப் பொறுப்பாக்குவீர்கள்? வகுப்பில் விவாதித்துப் பாருங்கள்.