டேப்பெட் (மகிழுந்துப் பொறி)

டேப்பெட் என்பது மகிழுந்துப் பொறியில் கேம் தண்டின் சுழற்சியை மேலும் கீழுமான அசைவாக மாற்றி வால்வுக்குக் கடத்தும் சிறு எஃகு அல்லது வார்ப்பிரும்பு உருளை ஆகும். ஆங்கிலத்தில் லிஃப்டர் என்ற பெயரும் இதற்கு உண்டு. திண்ம டேப்பெட், ஹைட்ராலிக் டேப்பெட் என இது இரு வகைப்படும். கோயம்புத்தூரிலும் கொங்கு நாட்டின் பிற ஊர்களிலும் பழைய மகிழுந்துகளைப் புதுப்பிப்போரிடையே எவ்வகையைப் பொருத்துவது என்னும் கேள்வி அவ்வப்போது எழுகின்றது. பெரும்பாலான இந்திய வண்டிகளைப் பொறுத்தவரை இதற்கான விடை பொறியின் வார்ப்பிலேயே அடங்கியுள்ளது.

செயற்பாடு

பொறி சூடேறும்போது வால்வின் தண்டு நீள்கின்றது. இந்நீட்சிக்கு இடம் தரும் பொருட்டு, திண்ம டேப்பெட் உள்ள பொறியில் ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே சிறு இடைவெளி விடப்படுகின்றது. அவ்விடைவெளியே 'டிக் டிக்' என்னும் ஓசைக்குக் காரணம்.

ஹைட்ராலிக் டேப்பெட்டின் உள்ளே ஒரு சிறு உந்துதண்டு, சுருள்வில், ஒருவழிக் குண்டு வால்வு ஆகியன உள்ளன. பொறியின் எண்ணெய் அழுத்தத்துடன் உள்ளே புகுந்து உந்துதண்டை உயர்த்தி, இடைவெளியை முற்றிலும் நிரப்புகின்றது. எனவே ஓசை இல்லை. இடைவெளியை அடிக்கடி சரிசெய்ய வேண்டியதும் இல்லை.

வரலாறு

1910 ஆம் ஆண்டளவில் பிரான்சின் அமெதே பொலே ஹைட்ராலிக் டேப்பெட்டை முயன்று பார்த்தார். 1933 இல் அமெரிக்காவின் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் தனது 12 உருளைப் பொறியில் இதனை அறிமுகப்படுத்தியது. 1953 ஆம் ஆண்டின் செவர்லே ஆறு உருளைப் பொறி கவனிக்கத்தக்கது. ஒரே 235 கன அங்குலப் பொறி, கையால் கியர் மாற்றும் வண்டிகளில் திண்ம டேப்பெட்டுடனும், 'பவர்கிளைடு' தானியங்கிக் கியர் கொண்ட வண்டிகளில் ஹைட்ராலிக் டேப்பெட்டுடனும் விற்கப்பட்டது.

இந்திய வண்டிகள்

இந்துஸ்தான் மோட்டார்சின் அம்பாசடர் (உற்பத்தி 2014 இல் நின்றது), பிரீமியர் பத்மினி, சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றின் புஷ்ராட் பொறிகளும் திண்ம டேப்பெட் கொண்டவை. மாருதி 800 பொறியில் டேப்பெட் உருளையே இல்லை. ராக்கர் நேராகக் கேமைத் தொடுகின்றது. எனினும் அதிலும் இடைவெளியைத் திருகால் சரிசெய்ய வேண்டும்.

அம்பாசடரின் 1489 கன செ.மீ. பொறியில் டேப்பெட் துளைகளுக்கு அழுத்த எண்ணெய் செல்லும் வழி கிடையாது. ராக்கரிலிருந்து வடியும் எண்ணெயே டேப்பெட்டை நனைக்கின்றது. ஆகவே ஹைட்ராலிக் டேப்பெட்டை அதில் இட்டால் அது நிரம்பாது. கோவைப் பட்டறைகளில் எதையும் கடைந்து பொருத்த முடியும் என்ற நம்பிக்கை பொய்யன்று. ஆயினும் இவ்வேலையில் அது பொருட்செலவையே தரும்.

தேர்வு

தேர்வுக்கு உண்மையில் இடமிருப்பது எண்ணெய் வழி உள்ள அமெரிக்கப் பொறிகளிலேயே. அங்கும் டேப்பெட்டை மட்டும் மாற்றுதல் தவறு. திண்ம டேப்பெட்டுக்கான கேமில், இடைவெளியை மெல்ல அடைக்கும் நீண்ட சரிவு ஒன்று உண்டு. ஹைட்ராலிக் டேப்பெட்டில் இடைவெளி இல்லாததால், அக்கேமின் மேல் அதனை வைத்தால் வால்வு தேவைக்கு மேல் நேரம் திறந்திருக்கும். வெறும் ஓட்டம் குலையும். மாறாக, ஹைட்ராலிக் கேமின் மேல் திண்ம டேப்பெட்டை வைத்தால் வால்வு தன் இருக்கையில் அறைந்து விழும். கேம், டேப்பெட், சுருள்வில் மூன்றும் ஒரே தொகுதியாகவே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

மாதக்கணக்கில் நின்று, திருமணத்திற்கும் அணிவகுப்பிற்கும் மட்டும் வெளிவரும் வண்டியில் ஹைட்ராலிக் டேப்பெட்டின் எண்ணெய் வடிந்துவிடுகின்றது. கிளப்பியவுடன் சிறிது நேரம் ஓசை எழும். அழுக்கு எண்ணெயில் அதன் உந்துதண்டு சிக்கிக்கொள்வதும் உண்டு. ஹெட்டை இழைத்துச் சமன்செய்த பின் புஷ்ராட்டின் நீளம் பொருந்தாமல் போகலாம். திண்ம வகையில் அதனைத் திருகே ஈடுசெய்துவிடும். மிகுவேகத்தில் ஹைட்ராலிக் டேப்பெட் அளவுக்கு மீறி நிரம்பி வால்வை மூடவிடாமல் தடுக்கக்கூடும். செட்டிப்பாளையத்தில் 2003 இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடங்களில் ஓட்டக் கருதுவோர் திண்ம வகையை விரும்புவது இதனாலேயே. நாள்தோறும் அமைதியாக ஓட்டுவதற்கு, பொறி அதற்கென ஆக்கப்பட்டதாயின், ஹைட்ராலிக் வகையே வசதியானது.

இடைவெளி

அம்பாசடர் பொறிக்கு இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. ஓசையைக் குறைக்க இதனை இறுக்குவது பரவலான பிழை. வெளியேற்று வால்வு தன் வெப்பத்தை, மூடியிருக்கும் நேரத்தில்தான் இருக்கை வழியே ஹெட்டுக்குக் கடத்துகின்றது. இடைவெளி குறைந்தால் அது முழுதும் மூடாது, விளிம்பு எரிந்துபோகும். மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்திற்குத் தாழ்ந்த கியரில் நெடுநேரம் ஏறும் வண்டிக்கு இக்கேடு விரைவில் நேரும். சற்று ஓசையிடும் டேப்பெட், ஓசையற்ற இறுகிய டேப்பெட்டைக் காட்டிலும் நல்லது.

இடைவெளி பார்க்க எளிய முறை 'ஒன்பது விதி' ஆகும். வால்வுகளை முன்னிருந்து 1 முதல் 8 வரை எண்ணி, 8 ஆம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் 1 ஆம் வால்வையும், 6 திறந்திருக்கையில் 3 ஐயும், இவ்வாறு கூட்டுத்தொகை ஒன்பது வருமாறு சரிசெய்ய வேண்டும்.

எண்ணெயும் பழக்கலும்

இரு வகைத் தட்டை டேப்பெட்டும் கேமின் மேல் உரசியே இயங்குகின்றன. தேய்வைத் தடுப்பது எண்ணெயிலுள்ள துத்தநாக-பாசுபரசுச் சேர்மம். 2004 இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்தின் மென்பாகு எண்ணெய்களில் பாசுபரசின் உச்சவரம்பு 0.08 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆகவே பழைய பொறிகளுக்கு இச்சேர்மம் மிகுந்த எண்ணெய் தேவை.

கழற்றிய டேப்பெட்டுகளை அவற்றின் பழைய துளைகளிலேயே இட வேண்டும். புதிய கேமுடன் பழைய டேப்பெட்டுகளைச் சேர்த்தல் கூடாது. புதிய கேமைப் பொருத்தியபின், முதல் 20 நிமிடங்களுக்குப் பொறியை வெறும் ஓட்டத்தில் விடாமல் நிமிடத்திற்குச் சுமார் 2,000 சுற்றில் ஓட்ட வேண்டும். குறைந்த வேகத்தில் கேமின் மேல் எண்ணெய் போதிய அளவு தெறிப்பதில்லை.