பாட்டிலில் ஜப்பான் எழுத்து இருந்தால் அது ஜப்பான் விஸ்கியா? லேபிளில் எதைப் பார்க்கணும்?

பாட்டில் மேல் அழகான ஜப்பானிய எழுத்து, ஒரு மலையின் படம். விலையோ பல ஆயிரம் ரூபாய். ஆனால் உள்ளே இருப்பது ஸ்காட்லாந்திலோ கனடாவிலோ காய்ச்சிய சரக்காக இருக்கலாம். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதுதான் விஷயமே. அது எப்படி?

திடீர் மவுசு ஏன்?

ஜப்பானின் முதல் மால்ட் விஸ்கி ஆலையான யமசாகி 1923-ல் தொடங்கப்பட்டது. சுமார் 90 ஆண்டுகள் கழித்து, ஜிம் முர்ரேவின் 'விஸ்கி பைபிள் 2015' புத்தகம் யமசாகியின் ஷெர்ரி காஸ்க் 2013 விஸ்கியை உலகின் சிறந்த விஸ்கியாகத் தேர்வு செய்தது. அதன்பிறகு மவுசு எகிறியது. ஆனால் 12 வருடம் ஊற வேண்டிய விஸ்கியை நினைத்த நேரத்தில் தயாரிக்க முடியாதே! 2018-ல் ஹகுஷூ 12, ஹிபிகி 17 விற்பனையை சன்டோரி நிறுவனம் நிறுத்தியது. இப்படி சரக்கு தட்டுப்பாடு வந்தபோது, 'ஜப்பான்' பெயரில் வெளிநாட்டு விஸ்கி கலந்த பாட்டில்களுக்கும் கிராக்கி வந்தது.

சட்டத்தில் என்ன ஓட்டை?

ஸ்காட்ச் என்றால் ஸ்காட்லாந்தில் காய்ச்சி, அங்கேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் ஊற வேண்டும். இது சட்டம். ஜப்பானின் மதுவரிச் சட்டத்தில் இப்படி எதுவும் இல்லை. ஊறவைக்கும் காலத்துக்கு வரம்பில்லை; வெளிநாட்டு விஸ்கியை இறக்குமதி செய்து கலக்கவும் தடையில்லை.

2021-ல் வந்த விதி என்ன?

ஜப்பான் ஸ்பிரிட்ஸ் - லிக்கர் தயாரிப்பாளர் சங்கம் 2021 ஏப்ரல் 1 முதல் ஒரு தர விதியை அமல்படுத்தியது. அதன்படி 'ஜப்பானீஸ் விஸ்கி' என்று போட வேண்டுமானால்,

* மால்ட் கட்டாயம் சேர்க்க வேண்டும். தண்ணீர் ஜப்பானில் எடுத்ததாக இருக்க வேண்டும்.
* நொதிக்க வைப்பது, காய்ச்சுவது இரண்டும் ஜப்பான் ஆலையில் நடக்க வேண்டும்.
* 700 லிட்டருக்கு மிகாத மரப் பீப்பாயில் ஜப்பானிலேயே குறைந்தது 3 ஆண்டுகள் ஊற வேண்டும்.
* பாட்டிலில் அடைப்பதும் ஜப்பானில்தான். ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

பழைய லேபிள்களை மாற்ற 2024 மார்ச் 31 வரை அவகாசம் தரப்பட்டது. ஆனால் இது சங்கம் போட்ட விதி, அரசு சட்டம் அல்ல. சங்கத்தில் இல்லாத நிறுவனங்களை இது கட்டுப்படுத்தாது.

எப்படி கண்டுபிடிப்பது?

* 'ஜப்பானீஸ் விஸ்கி' என்ற வார்த்தை இருக்கிறதா பாருங்க. 'வேர்ல்ட் விஸ்கி' என்றிருந்தால் பல நாட்டு விஸ்கிகளின் கலவை.
* எந்த ஆலையில் காய்ச்சியது என்று தேடுங்க. 'ஜப்பானில் பாட்டிலில் அடைத்தது' என்ற வரி மட்டும் போதாது.
* '12 வருடம்' என்பது கலவையிலேயே இளைய விஸ்கியின் வயது. அது எந்த நாட்டில் ஊறியது என்பதை அந்த எண் சொல்லாது.
* அபூர்வ பாட்டில் என்றால் காலி பாட்டிலில் வேறு சரக்கை நிரப்பி விற்கும் மோசடியும் உண்டு. மூடி சீல், திரவ மட்டம் இரண்டையும் பார்க்கணும். விற்பவர் யார் என்பது அதைவிட முக்கியம்.

விதிக்குள் வராதது எல்லாம் மட்டமா?

அப்படி இல்லை. உலகம் முழுக்க ரசிகர்கள் உள்ள 'நிக்கா ஃப்ரம் தி பேரல்' இந்த விதிக்குள் வராது. அதை நிக்கா நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் ஆலையும் நிக்காவுக்குச் சொந்தமானதுதான். ருசி வேறு, பூர்வீகம் வேறு. 'ஜப்பான்' என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர், அந்தப் பெயர் உண்மையா என்று கேட்பதில் தப்பே இல்லை.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு)