ஆரணியில் அருகு விதைத்தல்

ஆரணிப் பட்டணத்தின் நெசவாளர் தெருக்களில் வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்பதாலும், விடியற்காலையில் பட்டுப் பாவு நூலை நீள இழுத்து விரிப்பதற்குத் தெருவே வேலைக்களமாக இருந்து வந்திருப்பதாலும், வாசலில் தோட்டம் போடும் யோசனைக்கு அங்கே இடமே இருந்ததில்லை. ஊர் விரிந்து, புறநகரின் வயல்கள் சில வீட்டுமனைகளாக மாறிய பிறகே, வீட்டின் முன்னால் ஒன்றிரண்டு சென்ட் நிலம் வெறுமையாகக் கிடக்க, அதில் பச்சைப் பசேலென்று ஒரு புல்தரை இருந்தால் என்ன என்ற ஆசை எழுகிறது. நர்சரியிலிருந்து கொரியன் புல்லைப் பாய் பாயாக வாங்கி வந்து பதித்துவிடலாம்; ஆனால் செலவைக் குறைத்து, இரண்டு மாதப் பொறுமையை மட்டும் மூலதனமாக இடச் சம்மதிப்பவர்களுக்கு விதைத்து வளர்க்கும் மார்க்கமும் உண்டு.

எந்தப் புல் என்பதே முதல் பிரச்னை. 1848-ல் மக்ஐவர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் உருவாக்கத் தொடங்கிய உதகைத் தாவரவியல் பூங்காவின் புல்வெளிகளைப் பார்த்துவிட்டு வந்து, அதே சோபையைச் சித்திரை வெயிலில் காயும் ஆரணி மண்ணில் எதிர்பார்ப்பது வியர்த்தம். கொரியன் புல்லும் எருமைப் புல்லும் நம் வழக்கத்தில் பதியனாக நடப்படுபவை. விதைக்கு உகந்தது, திருமணத்தில் பெரியவர்கள் வாழ்த்தும்போது ஆலோடு சேர்த்துச் சொல்லும் அருகுதான். விதைக் கடையில் பெர்முடா என்ற பெயரில் விற்கப்படுவதும் இந்த அருகினமே. ஒரு கிராமில் 3,000-க்கும் மேற்பட்ட விதைகள் அடங்கும் அளவுக்கு அது நுண்ணியது. தோல் நீக்கியது சுமார் ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள்ளும், தோலுடன் கூடியது இன்னும் சற்றுத் தாமதித்தும் முளைக்கும். வாங்கியதில் நூறு விதைகளை எண்ணி, ஈரத் துணியில் சுருட்டி, காய்ந்துவிடாமல் வைத்திருந்து எத்தனை முளைக்கின்றன என்று பார்த்துக்கொள்வது உத்தமம்.

பாவு சிக்கலாக இருந்தால் ஊடையை எவ்வளவு நேர்த்தியாக ஓட்டியும் பிரயோஜனம் இல்லை என்பது நெசவாளருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புல்தரைக்கு மண்ணும் அப்படியே. புதுமனைகளில் மேல்மண்ணுக்கு அடியில் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் புதைந்து கிடக்கும். அவற்றை அகற்றி, அக்கினி நட்சத்திர காலத்திலேயே ஓரடி ஆழம் கொத்திப் புரட்டி, கோரைக் கிழங்குகளைப் பொறுக்கி எறிந்து, நிலத்தை வெயிலில் காயவிட வேண்டும். கோடை மழை ஒன்று பெய்ததும், தப்பிய கோரையும் களைகளும் தலை நீட்டும். அவற்றை மறுபடியும் பிடுங்கிய பிறகு, நன்கு மட்கிய தொழு உரத்தையும், கிடைத்தால் ஏரி வண்டலையும் கலந்து, பலகையால் இழுத்துச் சமன் செய்து, வீட்டுச் சுவரை விட்டு நீர் விலகி ஓடும்படி மெல்லிய சரிவு வைக்க வேண்டும். இவ்வூருக்கென்று விசேஷமாக ஓர் எச்சரிக்கையும் உண்டு. பட்டு நூலின் பசையைப் போக்குவதற்காகச் சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சிய நீரையோ, சாயம் தோய்த்து மிஞ்சிய நீரையோ இந்த மண்ணில் ஊற்றலாகாது. சோடாவின் காரம் மண்ணில் தங்கி, அதை இறுகச் செய்து, இளவேரை வாட்டிவிடும்.

ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்ன முன்னோரே, ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றும் சொல்லி வைத்தார்கள். தென்மேற்குப் பருவத்து மாலை மழை நிலத்தை நனைக்கும் அந்த மாதமே விதைப்புக்கு ஏற்றது; ஆனால் தூசு போன்ற விதை காற்றோடு போய்விடாமலிருக்க, காற்று எழும்பாத அதிகாலையில் விதைக்க வேண்டும். ஐப்பசி அடைமழை வரை தள்ளிப்போட்டால், விதை வெள்ளத்தோடு ஓடி மூலையில் குவியும். ஹெக்டேருக்கு 30 கிலோ என்ற கணக்கில், ஒரு சென்ட்டுக்கு 120 கிராம் போதும். அதனுடன் இரு மடங்கு சலித்த மணலைக் கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் மீதியைத் தெற்கு வடக்காகவும் தூவி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மெல்லக் கீறிவிட்டு, பலகையால் அழுத்தினால் வேலை முடிந்தது. ஆழத்தில் புதைந்த விதை மேலே வர வலுவின்றி மடியும். மேலேயே கிடந்தாலோ எறும்பு இழுத்துச் செல்லும். முளைக்கும் வரை மேல்மண் உலராதபடி, குழாய் நீரைப் பீய்ச்சாமல், பூவாளியால் காலையும் மாலையும் தெளிக்க வேண்டும். வேம்பின் நிழலில் அருகு தழைக்காது. வெயிலே அதன் ஆகாரம்.

புல் இரண்டு அங்குலம் உயர்ந்ததும் நுனியை மட்டும் கத்தரித்தால், அது பக்கவாட்டில் கிளைத்து மண்ணை மூடும். அதற்கென்றுள்ள இயந்திரத்தின் பூர்வகதை நெசவூர்க்காரர்களுக்கு ரசிக்கத்தக்கது. இங்கிலாந்தில் ஸ்டிரவுட் என்ற பகுதியில், நெய்து முடித்த கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைச் சீராக வெட்ட ஆலையில் சுழன்ற உருளைக் கத்தியைக் கண்டு, புல்லையும் இப்படி வெட்டலாகாதா என்று சிந்தித்த எட்வின் பட்டிங், 1830-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். புல்வெட்டும் பொறி துணி ஆலையிலேயே பிறந்தது.

எஞ்சியிருப்பது தண்ணீர் விஷயம். கடுங்கோடையில் புல்லைப் பசுமை குன்றாமல் காக்க, நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சென்ட்டுக்கு 200 லிட்டர் ஆகிறது. ஒரு குடும்பத்தின் தேவைக்கு ஈடான அந்த நீரைப் புல்லுக்கு வார்ப்பது நியாயமாகாது, அவசியமும் இல்லை. வேர் நன்றாக ஊன்றிய அருகு கோடையில் பழுத்துக் காய்ந்தாலும், மண்ணுக்குள் ஓடும் அதன் தண்டில் ஜீவன் இருக்கும். மழை விழுந்ததும் துளிர்க்கும். ஆகவே ஒரு சென்ட்டோடு நிறுத்திக்கொண்டு, மிச்ச இடத்தை முருங்கைக்கும் மல்லிகைக்கும் விட்டு, வருஷத்தில் இரண்டு மாதம் பழுப்பாக இருக்கும் உரிமையைப் புல்லுக்கும் கொடுத்துவிடுகிறவர்களுக்கே, ஆரணியில் புல்தரை சுமையாகாமல் சுகமாக அமையும்.