சாப்பாட்டு மேஜையில் ஒரு போர் விமானம்!

சென்ற மாதம் ஆசிரியரின் மேஜை மீது ஒரு புகைப்படத்தை வைத்தேன். காலை வெயிலில் விமானத் தளம். வெள்ளி நிறத்தில் ஒரு போர் விமானம். அடியில் எண்ணெய்க் கறை, தூரத்தில் மரங்கள்.

ஆசிரியர் திடுக்கிட்டார். "பாதுகாப்பு மிகுந்த இடமாயிற்றே! படம் எடுக்க அனுமதி வாங்கினாயா?"

"வாங்கினேன், ஸார். வீட்டுக்காரப் பாட்டியிடம்!" என்றேன்.

ஆமாம், வாசகிகளே! படம் எடுத்த இடம் தாம்பரத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடி. விமானத்தின் நீளம் ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு!

அதன் பெயர் 'நாட்'. கொசு ஜாதியைச் சேர்ந்த ஒரு சிறு பூச்சியின் பெயர்தான். போர் விமானங்கள் வர வரப் பருத்துக்கொண்டும் விலை ஏறிக்கொண்டும் போன காலத்தில், பெட்டர் என்ற ஆங்கிலேய நிபுணர், "சிறியதாகச் செய்தால் என்ன?" என்று கேட்டு வரைந்த விமானம் அது. பிறகு பெங்களூரிலும் அதைத் தயாரித்தார்கள். 1965 யுத்தத்தில் எதிரியின் 'சேபர்' விமானங்களை எதிர்த்துப் பெயர் வாங்கியது.

அந்தக் குட்டியை இன்னும் குட்டியாக்கியிருப்பவர் பாட்டியின் பேரன். பகலில் வங்கி உத்தியோகம். இரவில் சாப்பாட்டு மேஜைதான் அவருடைய தொழிற்சாலை. கணக்கு 72-ல் ஒரு பங்கு. அதாவது, ஆறடி என்பது ஓர் அங்குலம்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். 1942-ல் அமெரிக்கக் கடற்படை, இதே அளவில் ஐந்து லட்சம் மர விமானங்கள் செய்து தரும்படி பள்ளி மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. எதற்குத் தெரியுமா? வானத்தில் வருவது நண்பனா, பகைவனா என்று வீரர்கள் கண நேரத்தில் கண்டுகொள்ளப் பழகுவதற்கு! 35 அடி தூரத்தில் பிடித்துக் காட்டினால், நிஜ விமானம் 2,520 அடி தூரத்தில் வருவதுபோல் இருக்கும். அடையாளம் தவறினால் சொந்த விமானத்தையே சுட நேரும் அல்லவா?

இப்போது பிளாஸ்டிக் பாகங்கள் பெட்டியில் கிடைக்கின்றன. அவற்றைக் கத்தரித்து, சாமணத்தால் எடுத்து ஒட்ட வேண்டும். இடுக்குகளில் மக்கு வைத்து, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிறகு வர்ணம். மூவர்ண வட்டங்களைத் தண்ணீரில் நனைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு ஒட்ட வேண்டும். மூச்சு சற்று வேகமாக வந்தால் ஒரு சக்கரம் காணாமல் போய்விடும்!

ஏழு மாத உழைப்புக்குப் பிறகு, பளபளவென்று மின்னிய விமானத்தைப் பேரன் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினார். பாட்டிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. காலமான தாத்தா விமானப் படையில் மெக்கானிக்காக இருந்தவர். இதே 'நாட்' விமானங்களில் வேலை பார்த்தவர்.

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்குடா, கண்ணா. ஆனா இது உங்க தாத்தாவோட விமானம் இல்லே."

"ஏன் பாட்டி?"

"இதிலே யாரும் வேலை செஞ்ச மாதிரியே தெரியலையே! அவர் சட்டையிலே இருந்த எண்ணெய்க் கறை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. துவைச்சவ நான். இது என்னடான்னா, பொங்கலுக்குத் துலக்கின வெண்கலப் பானை மாதிரி இருக்கு!"

பேரன் அன்று இரவு தூங்கவில்லை. ஏழு மாத வேலையின் மீது தம் கையாலேயே அழுக்கைப் பூசுவதா? பிசகினால் அத்தனையும் பாழ். ஆனால் பாட்டி சொன்னதில் நியாயம் இருந்தது. நிஜ விமானத்தின் மேல் மனிதர்களின் கை பட்டிருக்கும், கால் பட்டிருக்கும்.

மறுநாள் துணிந்துவிட்டார். வெள்ளிப் பூச்சின் மினுமினுப்பைச் சாம்பல் நிறம் கலந்து அடக்கினார். கரிய வர்ணத்தை நீர்க்கக் கரைத்துத் தகட்டு இணைப்புகளில் ஓடவிட்டு, மிச்சத்தைத் துடைத்தார். வால் பக்கம் புகைக் கறை; வயிற்றின் அடியில் எண்ணெய் வடிந்த கோடு.

அடுத்தது புகைப்படம். இங்கேதான் தந்திரம் இருக்கிறது. மெல்லிய உப்புத்தாள்தான் ஓடுபாதை. ஓரத்துக்கு மண் வேண்டும். ஆனால் ஒரு மில்லிமீட்டர் மணல் இந்தக் கணக்கில் ஏழு சென்டிமீட்டர் கல்லாகிவிடுமே! எனவே, பாட்டி மண்ணை வஸ்திரகாயம் செய்து கொடுத்தார்.

மேலேயிருந்து எடுத்தால் பொம்மை பொம்மைதான். ஓர் அங்குலத்துக்கும் குறைவான குள்ளன் நின்று பார்க்கும் உயரத்துக்குக் காமிரா இறங்க வேண்டும். கைபேசியைத் தலைகீழாக நிறுத்தினால் லென்ஸ் மேஜையை ஒட்டி வந்துவிடும். பெரிய காமிராவானால் லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு தெளிவாகவும் வால் மங்கலாகவும் விழுந்து குட்டை உடைத்துவிடும்! வெளிச்சத்துக்குச் சூரியன் ஒன்றே போதும். இரண்டு விளக்கு வைத்தால் இரண்டு நிழல் விழும். நிஜ விமானத் தளத்தில் இரண்டு சூரியன் ஏது? மேஜையின் விளிம்புக்கு அப்பால் தெரிந்தவை தெருக்கோடி மரங்கள்.

படத்தைப் பாட்டியிடம் கொடுத்தபோது நானும் கூட இருந்தேன். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. விரலால் அந்த எண்ணெய்க் கறையை ஒரு முறை தடவினார்.

"இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடலாம்டா" என்றார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பையனோ பெண்ணோ மேஜையைப் பசையும் வர்ணமுமாக ஆக்கிக்கொண்டிருந்தால், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கோபிக்காதீர்கள். பழைய மஸ்லின் துணி ஒன்று இருந்தால் கொடுங்கள். மண் சலிக்க உதவும்!