எதிரணி வீரருக்கு எழுந்து நின்ற ஊர்!

உங்கள் அணியின் நட்சத்திர வீரர் வேறு அணிக்குப் போய்விட்டார். பிறகு எதிரணிச் சட்டையோடு உங்கள் ஊருக்கே ஆட வருகிறார். கைதட்டுவீர்களா?

வாருங்கள், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குப் போவோம். மிஸிசிப்பி ஆற்றங்கரையில் 192 மீட்டர் உயர வளைவு தெரிகிறதா? அதற்குப் பக்கத்தில்தான் புஷ் ஸ்டேடியம். ‘கார்டினல்ஸ்’ பேஸ்பால் அணியின் சொந்த மைதானம்!

டொமினிக்கன் குடியரசில் பிறந்த ஆல்பர்ட் புஹோல்ஸ், 2001 முதல் 2011 வரை கார்டினல்ஸுக்காக ஆடினார். 445 ‘ஹோம் ரன்’ அடித்தார். கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரிதான் இது! 2006, 2011 ஆண்டுகளில் அணி கோப்பையும் வென்றது.

அடுத்து அவர் ‘ஏஞ்சல்ஸ்’ அணிக்குப் போய்விட்டார். ரசிகர்கள் பலருக்கு வருத்தம், கோபம். இரண்டும் வேறு வேறு லீக் அணிகள் என்பதால், அவர் இந்த மைதானத்துக்கு ஆட வர 2019 ஆகிவிட்டது.

ஜூன் 21. மட்டையுடன் புஹோல்ஸ் வந்தார். அரங்கமே எழுந்து நின்றது! கைதட்டல் ஓயவே இல்லை. கார்டினல்ஸின் கேட்சர் யாடியர் மோலினா, தன் பழைய தோழரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மறுநாள் புஹோல்ஸ் கார்டினல்ஸுக்கு எதிராகவே ஹோம் ரன் அடித்தார். அதற்கும் உள்ளூர் ரசிகர்கள் ஆரவாரம்தான்!

2022-ல் கடைசி சீசன் ஆட கார்டினல்ஸுக்கே திரும்பினார். மொத்தம் 703 ஹோம் ரன்களுடன் ஓய்வு பெற்றார்.

வேறு பள்ளிக்குப் போன உங்கள் நண்பன், நாளை எதிரணியில் ஆட வரலாம். அவன் நன்றாக ஆடினால் என்ன செய்வீர்கள்?