அரசி எறும்பின் வயிற்றில் ஒரு புழு

ஐரோப்பாவில் எறும்பு வளர்ப்போர், கோடைகாலத்திற் பறந்து நிலத்தில் இறங்கும் லாசியஸ் என்னும் எறும்பின் அரசியைப் பிடித்து, ஈரப்பஞ்சு வைத்த கண்ணாடிக் குழாயில் இடுவர். அங்கு அவ்வரசி முட்டையிட்டுப் புதுக்கூட்டத்தைத் தொடங்குதல் வேண்டும். சிலபோது வயிறு பருத்திருக்கும்; ஆனால் முட்டை இராது. ஒருநாள், எறும்பினும் பன்மடங்கு நீண்ட வெண்புழு வெளிப்படும், அரசி மாண்டுபோகும்.

இப்புழு யாது? ஈயின் குடம்பியாயின் குறுகித் தடித்திருக்கும். குதிரைமயிர்ப் புழுவாயின் பெரும்பாலும் கபில நிறமும் கம்பி போன்ற விறைப்பும் உடையதாகும். வெண்மையும் வழுவழுப்பும் நூல் போன்ற நீட்சியும் காணப்படின், அது மெர்மிதிட் குடும்பத்து உருளைப்புழு எனக் கருதலாம். பிடிபட்ட அரசியின் இறக்கைகள் வழக்கத்தினும் குறுகியிருந்தால் அக்கருத்து வலுப்பெறும். ஏனெனில், எறும்பு குடம்பியாய் இருக்கும்போதே இப்புழு உட்புகுந்து, இறக்கையும் சூலகமும் வளர்தற்குரிய ஊட்டத்தைக் கவர்ந்துவிடும். லாசியஸ் எறும்புகளில் வாழும் இத்தகைய புழுக்களைக் குரோலி, பேலிஸ் என்னும் இருவர் 1921 ஆம் ஆண்டில் விவரித்தனர்.

குடும்பத்தை அறிவது போல இனத்தை அறிதல் எளிதன்று. வெளிவரும் புழு முதிராதது. இனங்களை வேறுபடுத்தும் உறுப்புகள் முதிர்ந்த பின்னரே தெளிவாகும். ஆதலின் அதனை எறிந்துவிடாது, ஈரமணலில் இட்டு முதிரவிடுதல் வேண்டும். இன்று மரபணுச் சோதனையும் துணைபுரிகின்றது.

வெளிவந்த புழு மற்றோர் எறும்பினுள் நேரே புகுவதில்லை; மண்ணில் முதிர்ந்து முட்டையிட்ட பின்னரே அடுத்த தலைமுறை தோன்றும். எனவே, அயற்குழாய்களில் உள்ள அரசிகளை அஞ்சி அழித்தல் வேண்டா.